வரம்பும் வரமும்

இணையப் பக்கம் ஆக்குவோர் ஸ்லைடர் என்று வழங்கும் உறுப்பு, ஒரு கோட்டின்மேல் குமிழை நகர்த்தி வேண்டிய அளவைத் தெரிந்துகொள்ள நமக்கு இடந்தருவதாயினும், அக்கோட்டின் இரு முனைகளையும், குமிழ் ஒரு தடவையில் நகரக்கூடிய படியையும் முன்னரே விதித்தவன் வேறொருவன். அவன் விதியாது விட்டாலும், எச்.டி.எம்.எல். நியமமே 0 முதல் 100 வரை எல்லையிட்டு, படியை 1 ஆக்கி, குமிழை 50இல் நிறுத்திவிடுகிறது. 140 என்று எழுதினால் 100க்கே இழுத்துக்கொள்கிறது. பிறர் வகுத்த வரம்பினுள் அசைகின்ற இச்சையைச் சுதந்திரம் என்னலாமா?

தேகமும் போகமும் முன்வினைப் பயனாகிய பிராரத்தத்தால் அமைந்தவை, அவற்றை நுகரும்போது செய்யும் வினையே ஆகாமியம் என்னும் புதுவினையாய் ஏறுகிறது என்று சைவ சித்தாந்தி விடையிறுப்பார். கம்பீரமான விடைதான், ஆயினும் எந்த வரம்பு வினையால் வந்தது, எது மனிதர் இட்டது என்பதை அது நமக்குப் பிரித்துக் காட்டுவதில்லை.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், இறம்பொடை மலைச்சரிவிலே சின்மயா மிஷன் எழுப்பிய ஆலயத்தில் நிற்கின்ற அனுமனிடம் இதற்கொரு விளக்கம் உண்டு. வான்மீகத்தில், கடல் தாண்டும் அவனை வழிமறித்த சுரசை வாயை இருபது யோசனை அகலமாக்க, அவன் முப்பதாய் வளர, அவள் நாற்பதாக்க, இவ்வாறு பத்துப்பத்தாய் ஏறிய போட்டி நூறு யோசனையைத் தொட்டபோது, அவன் கட்டைவிரலளவாய்ச் சுருங்கி, வாயிற் புகுந்து வெளிப்பட்டான். தன் வாயுட் புகாமல் எவரும் கடத்தலாகாது என்பதே அவள் பெற்ற வரம். உருவம் இவ்வளவு இருக்கவேண்டும் என்று அவ்வரத்தில் இல்லை. விதித்தது எது, விதித்ததாகத் தோன்றியது எது என்று அவன் ஆராய்ந்தான். அந்த ஆராய்ச்சியையே நான் சுதந்திரம் என்பேன்.

அவ்வாலயத்தைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் அந்த ஆராய்ச்சிக்கு வேலை அதிகம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கை, இந்தியா என்னும் இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியோருக்கு 2003இல் இன்னொரு சட்டம் குடியுரிமைக்கு வழிதிறந்தது. எழுதியவரே திருத்தக்கூடியதாயிருந்ததைத் தலைவிதி என்று சொல்லி இறந்துபோனவர் எத்தனை பேரோ! குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவளுக்குப் பல தோட்டங்களில் அரைப்பேர்தான், அதாவது அரைநாட் கூலிதான். முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் நடுவே குமிழ் நிற்க இடமில்லை. அனுமனுக்கு வடைமாலை சாத்துவதை நான் தடுக்கவில்லை. ஆனால் இந்த அரைப்பேர்க் கணக்கைப் பிராரத்தத்தோடு சேர்க்காமல், தொழிற்சங்கத்தின் வழியே தோட்டத்துரையிடமே வாதாடித் தீர்த்துக்கொள்ளவேண்டும்.