கதிர் பொறுக்குதல்

நீங்கள் இதைப் படிக்கும் இந்த நிமிடத்தில் உள்ளூர் எஃப்.எம். நிலையம், எதிர்வீட்டு வை-ஃபை, பக்கத்து மொட்டைமாடி செல்போன் டவர் எல்லாம் சேர்ந்து உங்கள் மேல் கொஞ்சம் சக்தியைத் தெளித்துக்கொண்டிருக்கின்றன. யாரும் உங்களைக் கேட்கவில்லை. பில்லும் வராது. போனும் ரேடியோவும் அதில் துளியூண்டு எடுத்துக்கொள்கின்றன. மிச்சமெல்லாம் சுவரிலும் மரத்திலும் நம் மேலும் பட்டு உஷ்ணமாகி வீணாகிறது.

வீணாவதைப் பிடித்து உபயோகித்தால் என்ன?

2009-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் அலன்சன் சாம்பிள், ஜோஷுவா ஸ்மித் என்ற இருவர், 4.1 கிலோமீட்டர் தள்ளியிருந்த டி.வி. கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பிவைத்தார்கள். வந்த சக்தியில், கடையில் விற்கும் ஒரு தெர்மாமீட்டரை பேட்டரியே இல்லாமல் ஓட்டினார்கள். 2011-ல் ஜார்ஜியா டெக்கில் மானோஸ் டென்ட்செரிஸ் குழுவினர் ஆன்டெனாவையே பிரின்ட் அடித்துவிட்டார்கள். இங்க்ஜெட் பிரின்டர், மையில் நுண்ணிய வெள்ளித் துகள், கீழே காகிதம். அவ்வளவுதான். அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த டி.வி. நிலையத்தின் அலைகளில் அவர்களுடைய வெப்ப சென்சார் ஓடியது.

உடனே இ.பி. கனெக்‌ஷனைத் துண்டித்துவிடாதீர்கள். சியாட்டிலில் கிடைத்தது 60 மைக்ரோவாட். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று எரிய, அந்த மாதிரி ஒன்றரை லட்சம் ஆன்டெனா வேண்டும்.

தொகை அற்பம். கேள்வி அற்பமில்லை. கோபுரத்துக்கு கரன்ட் பில் கட்டுவது டி.வி.காரர். எடுத்துக்கொள்வது நீங்கள். இது திருட்டா, இல்லையா?

இந்த விஷயம் சட்டத்தையே ஒருமுறை திணறடித்திருக்கிறது. 1899-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், மின்சாரம் ஒரு பொருளே அல்ல, ஆகவே அதை எடுப்பது திருட்டாகாது என்று கைவிரித்துவிட்டது. அடுத்த வருஷமே தனிச்சட்டம் போடவேண்டி வந்தது. நம் ஊரில் அந்தக் குழப்பமில்லை. லைனில் கொக்கி போட்டால் 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம், 135-வது பிரிவு.

சரி, கொக்கிக்கும் ஆன்டெனாவுக்கும் என்ன வித்தியாசம்? இதற்கு இயற்பியலில் நல்ல பதில் இருக்கிறது. கொக்கி போட்டால் அந்தச் சுமை மின்சாரம் தருகிற இடம்வரை போகும். ஹைடென்ஷன் லைனுக்கு அடியில் பெரிய கம்பிச்சுருளை வைத்துத் தொடாமலே எடுத்தாலும் அப்படித்தான். அது கொக்கி இல்லாத கொக்கி. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்து வந்த ரேடியோ அலை, கோபுரத்தோடு உறவை முறித்துக்கொண்டு கிளம்பிவிட்ட ஒன்று. நீங்கள் பிடித்தாலும் விட்டாலும் அங்கே மீட்டர் அதே வேகத்தில்தான் ஓடும்.

விஞ்ஞானிகள் இதை 'எனர்ஜி ஹார்வெஸ்டிங்' என்கிறார்கள். சக்தி அறுவடை. அறுவடை என்பது விதைத்தவன் செய்வது. இதுவோ அறுத்து முடித்த வயலில் சிந்திக் கிடப்பதைச் சேர்ப்பது. கதிர் பொறுக்குதல் என்றால் பொருத்தமாக இருக்கும். தமிழில் கதிர் என்பது நெல்லிலும் இருக்கிறது, சூரியனிலும் இருக்கிறது.

'அப்ப யாருக்கும் நஷ்டமில்லை. கேஸ் முடிஞ்சுது' என்பீர்கள்.

முடியவில்லை சார். ஆன்டெனா சும்மா ஒன்றும் எடுப்பதில்லை. எடுத்த அளவுக்கு அதன் பின்னால் அலை குறைகிறது. சின்னதாக ஒரு நிழல். ஒற்றை ஆன்டெனா என்றால் கொஞ்ச தூரத்திலேயே அந்த நிழல் கலைந்துவிடும். செல்போன் அலைகளைப் பிடிக்கிற மாதிரி பிரின்ட் அடித்து, சுவர் முழுக்க வால்பேப்பராக ஒட்டினால்? பின் ஃபிளாட்டில் இருக்கும் பாட்டிக்கு, மகன் போன் பண்ணும்போது சிக்னல் கிடைக்காமல் போகலாம். விதைத்தவருக்கு ஒரு மணிகூட நஷ்டமில்லை. பின்னால் கூடையோடு வருகிறவருக்குத்தான் நஷ்டம்.

திருட்டு என்றதும் நாம் சொந்தக்காரரை மட்டுமே பார்க்கிறோம். அவர் புகார் கொடுக்கவில்லையென்றால் மனசாட்சி நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறது. போர்வெல்லில் நாம் செய்தது இதுதான். என் மனை, என் மோட்டார், என் காசு என்று இன்னும் ஆழமாக இறக்கியவர் யாருடைய பாக்கெட்டிலும் கை வைக்கவில்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகள் மட்டும் வற்றிப்போயின. அவரைத் திருடன் என்று சொல்ல முடியாது. நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்றும் சொல்ல முடியாது.

ஆகவே, 'இது யாருடையது?' என்பது பாதிக் கேள்விதான். 'நான் எடுத்தபின் அடுத்தவருக்கு மிச்சம் இருக்கிறதா?' என்பது மீதிப் பாதி. முதல் பாதியைக் கேட்க 135-வது பிரிவு இருக்கிறது. இரண்டாவதை நாமேதான் நம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

60 மைக்ரோவாட்டுக்கா இவ்வளவு யோசனை? அளவு சின்னதாக இருக்கும்போதே யோசிப்பது சுலபம். போர்வெல் விஷயத்தில், முந்நூறு அடியைத் தாண்டி வெறும் காற்று வந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தோம்.