சிநேகிதன் முன் வைத்த குவளை



பெந்தேகோஸ்தே திருநாள் காலையில் அப்போஸ்தலர்கள் இஸ்பிரீத்துசாந்துவால் நிரம்பி ஜனங்களுக்கு முன் பேசத் தொடங்கினபோது, சிலர் அவர்களைக் குடித்து மயங்கினவர்கள் என்று பரிகாசம் பண்ணினார்கள் அல்லவா? அர்ச். இராயப்பர் எழுந்து, நீங்கள் நினைக்கிறபடி இவர்கள் வெறியரல்லர், இப்போது காலை ஒன்பது மணிதானே என்று மறுமொழி சொன்னார். அந்தத் திருநாளையொட்டியே பெரிய பீர் விழா நடத்துகிற ஓர் ஊர் உண்டு. அங்கே நான் சிநேகிதரோடு கழித்த ஒரு நாளைப்பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன்.

ஜெர்மனி தேசத்தில், பவேரியா நாட்டின் வடபாகத்தில், எர்லாங்கன் என்ற பட்டணம் இருக்கிறது. அதன் ஓரத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு குன்று. அக்குன்றின் மணற்பாறையைக் குடைந்து முற்காலத்தார் நீண்ட சுரங்க அறைகள் வெட்டினார்கள். குளிரூட்டும் இயந்திரம் இல்லாத அந்நாட்களில், பீர் கெடாமலிருக்க அந்தக் குளிர்ந்த அறைகளிலேதான் பீப்பாய்களை அடுக்கிவைப்பார்கள். 1755-ம் ஆண்டில் பட்டணத்துப் பெரியவர்கள் தங்கள் பெந்தேகோஸ்தே சந்தையை இந்தக் குன்றுக்கு மாற்றினார்கள். அன்று முதல் வளர்ந்துவந்த விழா, இப்போது திருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை தொடங்கிப் பன்னிரண்டு நாள் நடக்கிறது. அதற்குப் பெர்க்கிர்ச்வை என்று பெயர். பெர்க் என்றால் மலை; கிர்ச்வை என்றால் கோவில் அர்ச்சிப்புத் திருநாள். கோவிலின் பெயரைச் சுமந்த விழாவில் இன்று ஜனங்கள் தேடிப்போவது பீரையும், இராட்டினத்தையும், மரநிழலில் போட்ட பெஞ்சுகளையுமே. நம்முடைய பங்குத் திருவிழாக்களை நினைத்துக்கொண்டு, அவர்களைக் குற்றஞ்சொல்ல நான் துணியமாட்டேன்.

சில வருடங்களுக்கு முன், அந்நாட்டில் நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், விடுமுறை நாளாகிய பெந்தேகோஸ்தே திங்கட்கிழமையன்று, காலைப் பூசைக்குப்பின் ஐந்துபேராய்க் குன்றின்மேல் ஏறினோம். ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர்; அவர் மனைவி; தொழிற்சாலையில் வேலைசெய்யும் நடுவயதுக்காரர் ஒருவர்; நம் நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த வாலிபன் ஒருவன்; நான். வழியில் நடந்துகொண்டே அந்தத் தொழிலாளி என்னிடம் தன் கதையைச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதல்ல, சிநேகிதனுக்குச் சிநேகிதன் சொன்னது. குடியினால் ஒரு வேலையை இழந்தவர். மனைவி பிள்ளைகளையும் இழக்க இருந்தவர். ஒன்பது வருடமாக ஒரு சொட்டும் தொட்டதில்லை. “தனியாய் வீட்டிலிருந்தால் மனது அலைகிறது, உங்களோடு இருந்தால் பயமில்லை” என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். நம் வாலிபன் அன்று முதல்முதலாக எல்லாருக்கும் உபசாரம் பண்ண ஆசைப்பட்டான். தன் முதற்சம்பளத்திலிருந்து ஐந்து குவளை வாங்கிவந்தான். கனமான கற்குவளை, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர். எல்லார் முன்னும் வைத்தான். தொழிலாளி முன்னும் வைத்தான். அவர் சிரித்துக்கொண்டே வேண்டாமென்றார். “இன்று திருநாள் அல்லவா? ஒரு வாய் குடித்தால் என்ன?” என்றான் பையன். இரண்டாந்தரமும் வேண்டாமென்றார். மூன்றாந்தரம் குவளையை அவர் பக்கமாய்த் தள்ளினான். அவர் கை மெதுவாய்ப் போய் அதன் பிடியைப் பற்றியது. அந்தக் கை நடுங்கினதை நான் கண்டேன்.

கண்டும் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. விருந்தைக் கெடுப்பானேன், பையன் மனம் நோகுமே, அவர் பெரியவர்தானே, தாமே பார்த்துக்கொள்வார் என்று எண்ணிப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வயதான உபாத்தியாயர் எழுந்தார். பேசாமல் அந்தக் கையிலிருந்து குவளையை வாங்கி, அடுத்த பெஞ்சிலிருந்த அயலாரிடம் திருநாள் வாழ்த்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு தம்முடைய குவளையையும் கொடுத்தார். அவர் மனைவியும் தம்முடையதைக் கொடுத்தார். சோடாத் தண்ணீர் கலந்த ஆப்பிள் சாறு ஐந்து கொண்டுவரும்படி பரிமாறுகிறவளிடம் சொல்லிவிட்டு, முன் பேசிக்கொண்டிருந்த கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒருவருக்கும் புத்திமதி சொல்லவில்லை. தொழிலாளி நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். பின்பு கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். மாலையில் தம் பிள்ளைகளுக்கு இஞ்சி ரொட்டி வாங்கிக்கொண்டு நேராய் வீடு போய்ச் சேர்ந்தார்.

இறங்கும்போது பையன் என் அருகில் வந்து, “சாமி, நான் செய்தது பாவமா?” என்று கேட்டான். “தம்பி, நீ அறியாமல் கொடுத்தாய். நான் அறிந்தும் வாய்திறக்கவில்லை. கணக்கு என் பேரில்தான்” என்றேன்.

பிரியமானவர்களே, பீரும் இரசமும் தன்னிலே பாவமென்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. ஆண்டவர் கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீரை இரசமாக்கினார். 6-ம் நூற்றாண்டில் அர்ச். ஆசீர்வாதப்பர் தம் சந்நியாசிகளுக்கு ஒழுங்கு எழுதினபோது, நாளுக்கு ஒரு சிறு அளவு இரசத்தை அனுமதித்து, அதை விட்டுவிடத் திடமுள்ளவர்களுக்கு விசேஷ சம்பாவனை உண்டு என்றும் சேர்த்தார். உரோமைச் சடங்குப் புத்தகத்தில் பீரை மந்திரிக்கத் தனிச் செபமே இருக்கிறது. ஆகையால் மட்டசனம் என்ற புண்ணியத்தோடு அருந்துகிறவனை நாம் தீர்ப்பிடுவதில்லை. ஆயினும் எந்த அளவு மதுவும் உடலுக்குத் தீங்கற்றதல்லவென்று உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டில் அறிவித்திருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது எவ்வளவு குடிக்கலாம் என்பதைப்பற்றியல்ல. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது, தாம் உண்ணும் மாமிசம் தம் சகோதரனுக்கு இடறலாயிருந்தால் ஒருக்காலும் மாமிசம் உண்பதில்லை என்கிறார். மாமிசம் உண்ண அவருக்கு உரிமையில்லையா? உண்டு. அந்த உரிமையைவிடப் பலவீனனாகிய சகோதரன் அவருக்குப் பெரிதாய்த் தோன்றினான். துர்மாதிரிகை என்றால் குடித்துவிட்டுத் தெருவில் புரளுவது மட்டுமென்று நினைக்கிறோம். அன்பாய்ச் சிரித்து, “ஒரு வாய்தானே” என்று நீட்டுகிற கையும் துர்மாதிரிகையே. அதைக் கண்டு மௌனமாயிருக்கிற குருவானவரும் துர்மாதிரிகையே.

நம் வீடுகளில் ஞானஸ்நானம் உண்டு, கலியாண நிச்சயம் உண்டு, பங்குத் திருவிழா விருந்து உண்டு. குடியை விட்ட ஒருவன் அந்தப் பந்தியில் அநேகமாய் இருப்பான். அவனை மாமன் அழைப்பான், மைத்துனன் கேலி பண்ணுவான், “எங்கள் மரியாதைக்காகவாவது” என்று ஒருவன் கெஞ்சுவான். தகப்பன்மாரே, குடிநோயிலிருந்து எழுந்தவனுக்கு ஆபத்து பத்தாவது குவளையில் அல்ல, முதற்குவளையிலேயே இருக்கிறதென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். அவனை ஒதுக்கவும் வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். அவன் குடிக்கக்கூடியதை நீங்களும் குடியுங்கள். பிள்ளைகளைத் தூரதேசத்துக்கு வேலைக்கு அனுப்புகிற தாய்மாரே, குடிக்காதே என்று மட்டும் சொல்லியனுப்பாதீர்கள். வேண்டாமென்று சொல்லுகிறவனை ஒருபோதும் நெருக்காதே என்றும் சொல்லியனுப்புங்கள்.

அந்த விழாவின் கடைசித் திங்கட்கிழமை இரவில், எர்லாங்கன் ஜனங்கள் வெறும் பீப்பாய் ஒன்றைக் குழிவெட்டிப் புதைக்கிறார்கள். அடுத்த வருடம்வரை விழா முடிந்தது என்று அதற்கு அர்த்தம். அவர்களுக்கு அது விளையாட்டு. குடியினால் அழுகிற வீட்டாரோ இதை எத்தனை தரம் மெய்யாகவே புதைத்திருப்பார்கள்! புதைத்ததை மறுபடியும் தோண்டியெடுத்துக் கொடுக்கிற கை நம்முடைய கையாயிராதபடி எச்சரிக்கையாயிருப்போம். பலவீனனுக்காகத் தன் குவளையை விட்டுக்கொடுக்கும் சிநேகத்தை இஸ்பிரீத்துசாந்து நம் எல்லாருக்கும் தந்தருளுவாராக.

ஆமென்.