தாமரையிலை உணர்த்தும் பற்றின்மை



பற்றற்று வாழ்வதற்குத் தாமரையிலைத் தண்ணீரை உவமை கூறுவர். அவ்விலையில் நீர் ஒட்டாதிருப்பது ஏன் என்பதையும் சற்றுச் சிந்திப்போமாக.

தாமரையின் கிழங்கு குளத்துச் சேற்றினுள் கிடக்கின்றது. அங்கே காற்று மிகக் குறைவு. நீருக்கு மேலே நிற்கும் இலையே காற்றை உள்வாங்கி, தண்டிலுள்ள துவாரங்கள் வழியாகக் கிழங்குக்கு அனுப்புகின்றது. தண்டை முறித்துப் பார்த்தால் அத்துவாரங்களை நாமே காணலாம். காற்றுப் புகும் நுண்துளைகள் இலையின் மேற்புறத்தில் உள்ளன. நீர் படிந்து நின்றால் அவை அடைபட்டுவிடும். ஆகவே மெழுகு போர்த்த அவ்விலை நீரை உருட்டிவிடுகின்றது. ஆம், பற்றின்மை என்பது பிறரைக் கைவிடுவதன்று. சேற்றில் கிடப்பவருக்கு மூச்சாக நிற்பதற்கே அது வேண்டும்.

பூசைக்குப் பூவும் அன்னதானத்துக்கு இலையும் பறிக்கும் அன்பர்கள் நீர்மட்டத்துக்கு மேலே கொய்வார்களாக. நீருக்குள்ளே அறுத்தால் துவாரங்களில் நீர் புகும். கிழங்கு அழுகவும் கூடும். எல்லா இலைகளையும் பறித்துவிடாது, மிகுதியை விட்டுவைப்போம்.

வெளிச்சத்தில் நிற்கும் நாம், துன்பத்தில் கிடக்கும் அயலவரையும் மறவாதிருக்கத் திருவருள் துணைநிற்பதாக.