பொய் எழுத வைக்கும் வரம்பு



பிள்ளையின் உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் வாங்காத வீடு நம் மஹல்லாவில் குறைவு. விண்ணப்பம் நிரப்புபவர், "72,000 என்று போட்டுவிடட்டுமா பாய்?" என்பார். நாமும் தலையாட்டுவோம். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இன்று பேச்சு.

2008இல் மத்திய அரசு சிறுபான்மை மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்பு வரையிலான உதவித்தொகையைக் கொண்டுவந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 1 லட்சத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது. விலைவாசி எங்கோ போன பிறகும் அந்த 1 லட்சம் அசையவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 500 ரூபாய் கூலி, மாதம் 20 நாள் வேலை என்றால் வருடத்துக்கு 1,20,000. அந்தக் கூலியாள் உண்மையை எழுதியிருந்தால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. 99,000 என்று எழுதியிருந்தால் வரம்புக்குள் வந்திருப்பார். உண்மை சொன்னவருக்கு அபராதம் போட்ட விதி அது.

அல்லாஹ்வின் வேதம் ஏழ்மையை இப்படி அளக்கவில்லை. சூரா கஹ்ஃபில் ஹிழ்ர் (அலை) சேதப்படுத்திய கப்பலை நினைத்துப் பாருங்கள். கப்பல் வைத்திருந்தவர்களையும் குர்ஆன் மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடுகிறது. பொருள் இருந்தும் தேவைக்குப் போதாதவர் மிஸ்கீன்தான் என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இதை ஆதாரமாக எடுத்தார்கள். கபீஸா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. வறுமையில் விழுந்தவருக்கு அவருடைய சமூகத்திலேயே விவரமுள்ள மூவர் சாட்சி சொன்னால் அவர் கேட்கலாம். அடுப்பு எரிகிறதா என்று அறிந்த அண்டை வீட்டாரின் சாட்சி அது. முத்திரை குத்திய தாளுக்கு அது தெரியாது.

விதி கோணல் என்பதால் நாமும் கோணலாக எழுதலாமா? அதே ஹதீஸ், அனுமதியின்றிக் கேட்டுப் பெறுவதை ஹராமான உணவு என்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்த உதவித்தொகைக்கு இடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவையாக இருந்தன. விண்ணப்பம் கூடினால் வருமானம் குறைந்தவருக்கே முன்னுரிமை தரப்பட்டது. நீங்கள் எழுதிய 72,000, உண்மையிலேயே 80,000 மட்டும் சம்பாதிக்கும் ஒரு விதவையின் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும். அரசாங்கப் பணம்தானே என்பது பேச்சுக்குச் சரி. பறிபோனது அந்தப் பிள்ளையின் ஹக்கு.

கூலியாளின் 72,000த்தையும், இரண்டு கடைகளை வாடகைக்கு விட்டவரின் 72,000த்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. முன்னவரை நெருக்கடி தள்ளியது. பின்னவரை எது தள்ளியது?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உண்மை வருமானத்தை எழுதியதால் உதவித்தொகையை இழந்த பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். தேவையுள்ளவர்களுக்கு அந்தத் தொகையை பைத்துல்மாலிலிருந்து கொடுக்க முடியுமா என்று இந்த வாரமே கூடிப் பேசுங்கள். அப்படி இழந்தவர்கள் தொழுகை முடிந்து முத்தவல்லியிடம் தனியாகச் சொல்லுங்கள். பெயர் வெளியே போகாது.