பழனி ஆண்டவர் கோபமும் 140 சென்டிமீட்டர் கோடும்

ஓம் சரவணபவ! வேலும் மயிலும் துணை.



போன கோடை லீவில் சொந்தக்காரங்க நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடிச்சு ஒரு தீம் பார்க் போனோம். என் தங்கச்சி பையனுக்கு அப்போ ஒன்பது வயசு. வழியெல்லாம் ஒரே பேச்சு. "மாமா, அந்தத் தலைகீழா சுத்துற ரைடுல நானும் நீங்களும் பக்கத்துல பக்கத்துல." நானும் "சரிடா தங்கம்"னு சொல்லிக்கிட்டே வந்தேன். முக்கால் மணி நேரம் வெயில்ல வரிசையில் நின்னு முன்னால போனா, அங்கே ஒரு அளவுகோல். நாலு விரல் குறைஞ்சுது. பிள்ளை அழவில்லை. என் கையை உதறிவிட்டு, ஒரு தூண் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரலை.

அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குப் பழனிதான் ஞாபகம் வந்தது.

நாரதர் கொண்டு வந்த பழம். உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்கே அது என்றார்கள். நம்ம அப்பன் மயிலேறி நிஜமாகவே சுற்றினான். வந்து பார்த்தால் பழம் அண்ணன் கையில். அம்மையப்பனே உலகம் என்ற கணக்கு அப்போதுதான் குழந்தைக்குத் தெரிகிறது. பிள்ளையாரின் புத்தியைப் புகழ்ந்தே இந்தக் கதையைச் சொல்லிப் பழகிட்டோம். சுற்றி வந்த பிள்ளை பக்கம் நின்னு பாருங்க. பழம் போனதுக்கா அவ்வளவு கோபம்? ஆசையோடு அத்தனை தூரம் போய் வந்த பிறகு கணக்கைச் சொன்னதுக்குத்தான் என்று அடியேனுக்குத் தோணுது. நானும் அதே வேலையைத்தான் செஞ்சிருக்கேன்.

அன்னைக்கே இன்னொன்றும் பார்த்தேன். பின்னால நின்ன ஒருத்தர், மகளோட ஷூவுக்குள்ள கைக்குட்டையை மடிச்சு வைத்து, "கொஞ்சம் எக்கி நில்லும்மா" என்றார். காலையில் நெற்றியில் விபூதி பூசிவிட்ட அதே கை! சீட்டில் தோளையும் இடுப்பையும் அழுத்திப் பிடிக்கிற கம்பி, ஒரு குறிப்பிட்ட உடம்பு அளவுக்குச் செய்தது. அளவு குறைந்த பிள்ளை கீழ்வழியாக நழுவிவிடும். கம்பிக்கு வயசும் தெரியாது, நம்ம ஆசையும் தெரியாது. ஊர்த் திருவிழா ராட்டினத்தில் அளவுகோலே இல்லை என்கிறீர்களா? அதுதான் எனக்குப் பயம்.

கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டில் அளந்திடுங்க. செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வைத்து, தலைமேல் ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்து, பென்சிலால் கோடு. காலையில் எழுந்ததும் இருக்கிற உயரம் சாயங்காலம் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். அதனால் மாலையிலும் ஒருமுறை பாருங்க. பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. கேட்கிறார்கள், சிலதுக்கு 120 போதும். அந்தந்த பார்க்கில் முன்கூட்டியே விசாரிச்சு, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று பிள்ளையிடமே சொல்லிடுங்க. "நீ குள்ளம்" என்று மட்டும் வாயில் வரக்கூடாது. முருகன் தமிழ் சொல்லிக் கொடுத்த அகத்தியர் குறுமுனிதானே!

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து எங்க வீட்டிலும் அதே பேச்சு. முருகன் விண்ணில் நின்று போர் செய்த தலம் திருப்போரூர். பனைமரத்தில் சுயம்புவாக வந்த கந்தசுவாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று சொல்லியிருக்கேன்.

நேற்று காலை கதவு நிலையில் கோடு போட்டோம். 138. டேப்பை அவனே பிடிச்சுப் பார்த்தான்.

"இன்னும் ரெண்டு மாமா. அப்போ இந்தத் தடவை எதெதுல ஏறலாம்?"

உட்கார்ந்து ரெண்டு பேரும் பட்டியல் எழுதிக்கிட்டிருக்கோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!