தரவரிசையும் மனச்சான்றும்

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, "எந்தக் கல்லூரி முதலிடத்தில் இருக்கிறது?" என்பதே. நகையை அடகு வைத்தேனும் பிள்ளையைப் படிக்க வைக்கத் துணியும் பெற்றோர் அப்படிக் கேட்பது இயல்பு. ஆயினும், எதில் முதலிடம், யாருக்கு முதலிடம் என்னும் வினாக்கள் அதற்கு முன்னரே எழுந்திருக்க வேண்டும்.

நடுவண் அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் தேசியத் தரவரிசையின் பொதுப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி முதலிய பயன்களுக்கு 20, பலதரப்பு மாணவரையும் அரவணைப்பதற்கு 10, பிறர் கொண்டுள்ள மதிப்புக்கு 10 என்று அதில் எடை பிரித்திருக்கிறார்கள். இந்த எடையை வகுத்தவர்கள் உங்கள் மகளை அறியாதவர்கள். தமிழ்வழியில் பயின்று வந்த முதல் தலைமுறை மாணவிக்கு முதலாண்டுக் கணக்கைப் பொறுமையோடு சொல்லித்தர அங்கே ஆள் உண்டா என்பதை எந்தப் பட்டியலும் உரைப்பதில்லை.

தரவுகளில் பெரும்பகுதியை நிறுவனங்கள்தாமே அளிக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் யூ.எஸ். நியூஸ் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதப் பேராசிரியராயிருந்த மைக்கேல் தாடியஸ், வகுப்புகளின் அளவு முதலிய எண்கள் பொருந்தவில்லை என்று 2022இல் எழுதினார். பல்கலைக்கழகமும் பிழைகளை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அது 18ஆம் இடத்துக்கு இறங்கியது. இடைப்பட்ட மாதங்களில் ஆசிரியர்கள் மாறிவிடவில்லை; நூலகமும் சுருங்கிவிடவில்லை.

அப்படியானால் எண்களை ஒதுக்கிவிடலாமா? கூடாது. அது சோம்பல். வண்ண விளம்பரத்துக்கும் தரகர் பேச்சுக்கும் எதிரே ஏழைக்கு எண்ணே பாதுகாப்பு. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவந்தோறும் வெளியிடுகிறது. ஒரு பருவத்தோடு நின்றுவிடாமல் பல பருவங்களைச் சேர்த்துப் பாருங்கள். விளம்பரப் பலகையில் மின்னும் சம்பளம் பெரும்பாலும் ஒரே ஒருவர் பெற்றது. நூறு பேரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுள் நடுவில் நிற்பவரின் ஊதியம் என்ன என்று கேளுங்கள்.

ஆலோசித்தல், தீர்ப்பிடுதல், செயலுக்கு ஆணையிடுதல் என விவேகத்துக்கு மூன்று செயல்கள் உண்டு என்பார் அக்குவினா தோமையார். பட்டியல் முதலாவதற்கு உதவும். நாமோ இரண்டாவதையும் அதன் கையில் ஒப்படைத்துவிடுகிறோம். அது பிள்ளைக்காகவா, திருமண வீட்டில் உறவினரிடம் சொல்லிக்கொள்வதற்காகவா? (பின்னதே என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.)

விண்ணப்பத்தில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் முன் ஒரு வேலைநாளில் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அங்கே போய்வாருங்கள். வாயிலில் பேருந்துக்கு நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடம், பாடம் புரியாதபோது யாரிடம் போவீர்கள் என்று கேளுங்கள்.