ஊறிப்போன பழக்கம்

அய்யா துணை



'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பார்கள். இதை ஆங்கிலத்தில் 'இன்வெட்டரேட்' என்று ஒரே சொல்லில் சொல்லுவார்கள். நாள்பட்டுப் பழையதாகி, ஆளோடு ஊறிப்போனது என்று அதற்குப் பொருள். ஊறிப்போன பழக்கத்தை மாற்ற முடியுமா? மாற்றாமல் இருப்பது குற்றமா?

அன்றைய திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்ததால் முதுகு தானாக வளைந்தது. யாரும் விரட்டாதபோதும் கால் தானாக ஒதுங்கியது. பயம் பழக்கமாகி, பழக்கம் இயல்பு போல ஆகிவிட்டது.

அய்யா வைகுண்டர் இந்த நோயை வெறும் உபதேசத்தால் தீர்க்கவில்லை. பழக்கம் உடம்பின் வழியாக வந்தது. ஆகவே மருந்தையும் உடம்புக்கே கொடுத்தார். தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்கச் சொன்னார். முத்திரிக் கிணற்றில் எல்லாரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தார். ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வைத்தார். வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த மக்கள் அன்றாடம் குளித்துத் துவைத்து, ஒழுங்காக வாழப் பழகினார்கள். பழைய பழக்கத்தைப் புதிய பழக்கமே வெளியேற்றும் என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

அடிமை முறையை ஒழிக்கும் ராஜ உத்தரவு 1855-இல்தான் வந்தது. தோள்சீலைக்கான உத்தரவு 1859-இல் வந்தது. அய்யா வைகுண்டம் சென்றதோ 1851-இல். சட்டம் வருவதற்கு முன்பே மக்களின் தலை நிமிர்ந்துவிட்டது.

இன்று நிலை என்ன? ஒருவர் ஞாயிறுதோறும் பதிக்கு வருகிறார். தலைப்பாகை கட்டி, நாமம் சாத்தி, கண்ணாடி முன் நிற்கிறார். வீட்டுக்குப் போனதும் தோட்ட வேலைக்கு வந்தவருக்குத் தனி டம்ளரில் காப்பி கொடுக்கிறார். கேட்டால், 'அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்' என்கிறார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் தன் முன்னோரைக் குனிய வைத்த அதே பழக்கம், இப்போது வேறொருவரைக் குனிய வைக்க அவர் கையிலே இருக்கிறது.

அறியாத வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கத்துக்கு யாரும் பொறுப்பல்ல. அறிந்த பிறகும் அதை விடாமல் வைத்திருந்தால் அது குற்றமே.

நல்ல பழக்கத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஏன் கட்டுகிறோம் என்ற நினைவு போய்விட்டால், தலைப்பாகையும் கை பழகிய வேலையாகிவிடும். அதனால்தான் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதில் தெரியும் தன் முகத்தைப் பார்த்து, 'என்னிடம் இன்னும் எது ஊறிக் கிடக்கிறது?' என்று தினமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விடை கிடைத்தால் பெரிய விரதம் எதுவும் வேண்டாம். நாளைக் காலையில் அந்தத் தனி டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு சேர்த்து வைத்தால் போதும். நாள்தோறும் அப்படியே நடந்து பார்க்கட்டும். பிறகு கை தானாகவே சரியானதைச் செய்யும்.

அய்யா உண்டு.